முப்பத்தோராம் பகுதியில் ஒரு பிழை

நாற்பத்தெட்டுப் பகுதிகள் ஓடிய தொடரில்
என் முகம் ஓரிடத்திலும் இல்லை.
முதுகு உண்டு.
வாளைச் சுழற்றும் மணிக்கட்டு என்னுடையது.
குதிரை மிரண்டால் அதை அடக்கும் தொடைகள் என்னுடையவை.
பெண்தளபதி அழவேண்டிய நேரத்தில் மட்டும்
நாயகி குடையோடு வந்து என் இடத்தில் நிற்பாள்.
அவள் நெற்றிக்கு வியர்வையைப் புட்டியிலிருந்து தெளிப்பார்கள்.
எனக்குத் தெளிக்கத் தேவையில்லை.

ஹெங்தியனில் அரண்மனைகள் வாடகைக்கு.
காலையில் மிங் வம்சம், மாலையில் ச்சிங்.
இடையில் உணவுப் பெட்டி, கால்மணி நேரம்.

வெய்ஷுவாங் நாலாவது பணிப்பெண்.
பெயரின் பின்பாதிக்கு உறைபனி என்று பொருள்.
முப்பத்தொன்பது டிகிரி வெயிலில்
பஞ்சு வைத்த குளிர்கால அங்கிக்குள் நின்றுகொண்டு
அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
ஊர் குய்ச்சோ. பையில் எப்போதும்
புளித்த மிளகாய் ஒரு குப்பி.
பெட்டிச் சோறு அதன் தயவில்தான்
எங்கள் தொண்டைகளில் இறங்கியது.

அவளுக்கு ஒரே வசனம்:
"அரசியாரே, தேநீர் ஆறிவிடும்."
ஒன்பதாம் பகுதியில் அந்தத் தேநீரைத்
தானே முதலில் ருசிபார்த்துச் சாகிறாள்.
நுரைக்கு முட்டைவெள்ளை.
மூக்கில் வந்தமர்ந்த ஈயை
செத்தவளாயிற்றே என்று பொறுத்துக்கொண்டாள்.
சாவாக நடித்த தோஷம் கழிய
சிவப்பு உறையில் பத்து யுவான் கொடுத்தார்கள்.
இரண்டு குச்சி ஐஸ். ஒன்று எனக்கு.

கதையில் தளபதியும் அரசியும் உயிர்த்தோழிகள்.
பேரரசர் வந்துபோகும் காட்சிகளிலெல்லாம்
அவர்கள் ஒருவரையொருவர்தான் பார்த்துக்கொள்வார்கள்.
எழுதியவள் யாரோ, நன்றாக எழுதியிருந்தாள்.
அந்த வசனங்களைக் கேட்டபடி
சிவப்புத் தூணுக்குப் பின்னால் நாங்கள்
காலணி மாற்றிக்கொண்டிருந்தோம்.
அவளுடையது பெரிது. என்னுடையது கிழிந்தது.
இரண்டும் ஒருவருக்கும் சரியில்லை.

பிறகு அந்தக் கோட்டைச்சுவர்.
தீப்பிடித்த வண்டியில் அரசி,
மேலிருந்து தளபதி குதிக்கவேண்டும்.
மூன்று முறை குதித்தேன்.
நாலாம் முறை இடக்கம்பி தாமதித்தது.

கேமராவுக்கு அது அழகாயிருந்திருக்கிறது.
திரைக்கு முன்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.
நான் விழுவது
நடிப்பில்லை என்று ஒருத்திக்குத்தான் தெரிந்தது.
என் முதுகை அவள் தினமும் பார்க்கிறவள்.
அன்று சலவைக்காரி வேடம் அவளுக்கு.
கூடையை எறிந்துவிட்டு
படத்துக்குள்ளேயே ஓடிவந்தாள், நேராக,
என் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு.

விலா ஒன்று. தோள்பட்டை. ஆறு வாரம்.
அவளுக்கு அன்றைய கூலி இல்லை;
துணைநடிகர்களின் தலைவர் வீசாட் குழுவிலிருந்து
அன்றிரவே அவளை நீக்கினார்.
மறுபடி எடுக்கக் காசில்லையோ, நாளில்லையோ,
குரலை அழித்துவிட்டு
அதையே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது வெய்ஷுவாங்
பேருந்து நிலையத்துக்கு எதிரே நூடுல்ஸ் கடையில்.
கூட்டம் குறைந்த நேரம்.
காடிப் புட்டிமேல் போனைச் சாய்த்து
முப்பத்தோராம் பகுதி, இருபத்தாறாம் நிமிடம்.
சுவர். நெருப்பு. நான் சரிகிறேன்.
வலது ஓரத்தில், இரண்டு நொடி,
வாய் திறந்து சத்தமில்லாமல் ஒருத்தி.

விரலால் பின்னே தள்ளினேன்.
மறுபடி விழுந்தேன்.
மறுபடி வந்தாள்.

பக்கத்து மேசையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இது தப்பு அக்கா. அந்தப் பணிப்பெண்
ஒன்பதாம் பகுதியிலேயே செத்துவிட்டாளே.
செத்தவள் எதற்கு ஓடிவருகிறாள்?"

வெய்ஷுவாங் மேசையைத் துடைப்பதை நிறுத்தவில்லை.
"ஏதாவது அவசரமாயிருந்திருக்கும்,"
என்று சொல்லிவிட்டு
மிளகாய்க் குப்பியை என் பக்கம் நகர்த்தினாள்.