இடது முழங்கால்

செவ்வாய்க்கிழமை, இரண்டு மழைக்கு நடுவே
கழகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்.
பார்மசி திறக்கப் போகும் வழியில் வாசித்தேன்:
புதிய தலைமைப் பயிற்றுநர், ஜனாப் இக்ராம் ஜுமாத்.
கீழே செயலாளரின் கையெழுத்து
பாதி கரைந்திருந்தது,
எழுதியவருக்கே கொஞ்சம் வெட்கம்போல.

பத்து மணிக்குள் கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரிந்துவிட்டது.
இருமல் பாணி வாங்க வந்த கஸ்ஸாலி
த்ரீவீலரை நிறுத்தாமலே கத்தினான்:
"வேற ஆளே கிடைக்கல்லயா அக்கா?
இவனயா?
இவன்ட பூட்ஸ் அடையாளம்
இன்னும் மில்றோய்ட கால்ல இரிக்கி!"
காசு கொடுக்காமலே போய்விட்டான்.
நானும் கேட்க மறந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.
பதினெட்டு வருடத்துக்கு முன், அரையிறுதி,
எழுபத்தோராவது நிமிடம்.
மில்றோய் தனியே ஓடுகிறான்,
முன்னால் கோலி மட்டும்.
பின்னாலிருந்து வருகிறது இக்ராமின் சறுக்கல்.
முருங்கைக் கிளை முறிகிற சத்தம்.
கோல் கம்பத்துக்குப் பின்னால் நான்,
கையில் கடலைச் சரை.
மஞ்சள் அட்டைதான் காட்டினார் நடுவர்.
அதன்பிறகு எங்கள் தெருவில்
பெருநாளுக்கோ பாஸ்காவுக்கோ
மஞ்சள் சட்டை எடுத்தவர் குறைவு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஷெல்டன்
அங்கத்துவ அட்டையை நாலாக வெட்டி
செயலாளர் வீட்டு வாசலில் எறிந்தார்.
பின்னேரம் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து
என்னிடம் பிளாஸ்டர் கேட்டார்.
அகலமானது, தண்ணீர் போகாதது.

தயானந்தி டீச்சர் கணக்குப் பார்த்தார்:
அவன் பழக்கிய நீர்கொழும்புப் பெடியன்கள்
இரண்டு பருவத்தில் வாங்கிய கோல் ஒன்பது.
நாங்கள் போன பருவத்தில் மட்டும் முப்பத்து நாலு.
"கோபத்தை ஒரு தட்டில வையுங்கோ,
முப்பத்து நாலை மற்றத் தட்டில."
ஒருவரும் வைக்கவில்லை.
தராசே வேண்டாம் என்றார்கள்.

மில்றோயிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.
அவன்தான் எங்களுக்கு வலை தைப்பவன்,
சட்டை துவைப்பவன், ஐஸ் பெட்டி நிரப்புபவன்.
மூன்று நாளாக எல்லோரும்
அவன் முகத்தைச் சுற்றி நடந்தோம்,
ஈரச் சிமெந்தைச் சுற்றி நடப்பதுபோல.

வெள்ளிக்கிழமை முதல் பயிற்சி.
மேட்ச்சுக்கு வராத கூட்டமெல்லாம் வந்திருந்தது.
வடக்குக் கோலடியில் முழங்கால் தண்ணீர்,
அதில் இரண்டு காகம் குளித்தன.
குடையோடு இறங்கினான் இக்ராம் ஜுமாத்.
வழுக்கை. தொப்பை. வாசிக்கிற கண்ணாடி கயிற்றில்.
ஊளையிட வாய் திறந்த எங்களுக்கு
ஒரு கணம் குழப்பம்:
நாங்கள் இத்தனை வருடம் வெறுத்தவனுக்குத்
தொப்பை இருக்கவில்லை.

நேரே மில்றோயிடம் போனான்.
தகரக் கூரையில் மழை விழுந்ததால்
ஒன்றும் கேட்கவில்லை.
மில்றோய் மணிக்கூட்டைப் பார்த்தான்.
தலையை ஆட்டினான், இல்லை என்பதுபோல.

பிறகு கஸ்ஸாலி பிடித்துக்கொண்டான்:
"மன்னிப்புக் கேட்டானா? என்னத்தச் சொன்னான்?"
"பிராக்டீஸ் அஞ்சரைக்காம்.
ஐஸ்காரன் ஆறுக்குத்தான் வருவான்.
அதச் சொன்னேன்."
"வேற?"
"ஆறு மணிக்கு மாத்திட்டான்."

அன்று பயிற்சியில்
சறுக்கி விழுந்து பந்தெடுத்த ஒவ்வொருவனையும்
விசில் ஊதி எழுப்பினான் இக்ராம்.
நின்று தடு என்றான். மறுபடி, மறுபடி, நின்று தடு.
நான் பதினொரு விசில் எண்ணினேன்.
"வயசு போயிட்டு, பயம்" என்றான் கஸ்ஸாலி.

ஞாயிறு தோற்றோம், இரண்டுக்கு ஒன்று.
வழக்கமாகத் திட்டும் பெயரை விட்டுவிட்டு
புதுப் பெயரைத் திட்டினோம்,
நாக்கு இன்னும் பழகவில்லை.
ஐஸ் பெட்டியின் ஒரு கைப்பிடியை மில்றோயும்
மறு கைப்பிடியை இக்ராமும்
பிடித்துத் தூக்கிப் போனதை
பார்த்தவர்கள் பார்த்தார்கள்.
மற்றவர்கள் நடுவரைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

கஸ்ஸாலி
இருமல் பாணிக் காசு இன்னும் தரவில்லை.