பார்சலுக்குள் வைத்த தாள்

பார்த்திபன் அவர்களுக்கு,
இருபது அடித்தட்டு. எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்.
எல்லாம் சோடா பாட்டில் மூடி,
இரண்டு மட்டும் ஜாம் குப்பி மூடி;
அவை உங்கள் தளபதிகளுக்கு.

குண்டு விழுந்த நகரம்,
எந்த ஊர் என்று தெரியக்கூடாது
என்று ஒசூரிலிருந்து எழுதியிருந்தீர்கள்.
சரி என்றுதான் தொடங்கினேன்.

தெருவுக்கு முட்டைத்தோடு.
உள்தோலை உரித்து, பசைமேல் கவிழ்த்து
கட்டைவிரலால் ஒரே அமுக்கு.
எப்படி நொறுங்குகிறதோ அப்படியே விட்டுவிட வேண்டும்.
கை நீட்டித் திருத்தினால் டைல்ஸ் கடை ஆகிவிடும்.
(முதல் நான்கும் ஆகிவிட்டன. அனுப்பவில்லை.)

ஜன்னல் கம்பி எல்லாம் கொசுவலை.
மருந்தைக் கிள்ளிய தீக்குச்சிகள் உத்தரம்.
மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை
பேனா மூடியால் வரிவரியாய் இழுத்தால்
அசல் தகரக் கூரை.
எங்கள் வார்டில் வலி அதிகம்,
கூரைக்குப் பஞ்சமே இல்லை.
கொட்டிக் கிடக்கிற புழுதி
ராத்திரி ஷிஃப்ட் ஃபிளாஸ்க்கின் அடியில் மிஞ்சிய தேயிலை.

சுவர்தான் பாடாய்ப் படுத்தியது.
தெர்மோகோல் உடைந்தால் சோற்றுப்பருக்கை போல் உதிர்கிறது.
சுவரா அது?

எனக்கு வேலை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்,
மாவுக்கட்டு அறை.
கட்டுவதும் நான், ரம்பம் வைத்து வெட்டுவதும் நான்.
தேதி முடிந்த மாவுச்சுருள் நாலைந்தை நனைத்து
மேஜைமேல் பரப்பிக் காயவிட்டு உடைத்தேன்.
பிஸ்கட் போல் நேராய் உடைந்தது.
அதையே சில்வர் தம்ளரைச் சுற்றிக் கட்டி
காய்ந்தபின் உடைத்தேன்.
விளிம்பு பிசிறி, நூல் தொங்கி,
உள்ளே யாரோ இருந்தது போல் உடைந்தது.
பன்னிரண்டு சுவரும் அப்படி வந்தவைதான்.
ஆடிச் சாரல் விடவேயில்லை,
ஃபிரிட்ஜின் முதுகில் சாய்த்துக் காயவைத்தேன்.

பதினான்காம் எண்ணைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.
ஆஷ்பின் என்று ஒரு பயல், வெள்ளிச்சந்தைக்காரன்,
ரம்புட்டான் மரத்திலிருந்து விழுந்தவன்.
ஆறு வாரம் கழித்து வெட்டினேன்.
சிலபேர் கட்டை வீட்டுக்குக் கேட்பார்கள்.
இவன் மெலிந்துபோன கையை முகர்ந்து பார்த்து
"சீ, எனக்க கையா இது" என்றான்,
திரும்பிப் பாராமல் ஓடிவிட்டான்.
கட்டின்மேல் அவன் வகுப்பு எழுதியிருந்தது.
ரம்பம் போனது முதல் எழுத்தின் நடுவில்.
உங்களுக்கு வந்திருக்கும் துண்டில்
மிச்சம் இருப்பது 'க்கிரம் வா'.
எழுத்து ஒவ்வொன்றும் உங்கள் சிப்பாயின் உயரம்.

மேலே சாம்பல் அடித்தேன். மறையவில்லை.
இரண்டாம் தடவை பிரஷ்ஷை எடுத்தேன்,
கழுவி வைத்துவிட்டேன்.
ஊர்ப்பெயர் கூடாது என்றீர்கள்.
இது பெயர் இல்லை.

இன்னொன்று. மூலைகளில் கிடக்கும் கருமணல்
மணவாளக்குறிச்சிக் கடற்கரை.
அள்ளி வரவில்லை; கல்யாண வீட்டுக்குப் போன
என் செருப்பில் ஒட்டி வந்தது,
தட்டினால் ஒரு தீப்பெட்டி நிறைய.
உங்கள் சிப்பாய்களின் காலடியில் காந்தம் உண்டு என்றீர்களே,
கொஞ்சம் கவனம்.
ஆட்டம் முடிந்து அவனைத் தூக்கும்போது
ஜெயித்தவனோ தோற்றவனோ
பாதத்தில் கறுப்பாய்க் கொஞ்சம் கூடவே வரும்.
துணியால் துடைத்தால் போகும்.
முழுக்கப் போகாது.

ஒன்றுக்கு முப்பது ரூபாய். கூரியர் தனி.
பதினேழு இன்னும் ஈரம்,
வந்ததும் வெயிலில் வையுங்கள்,
அங்கே வெயில் இருந்தால்.

றோஸ்லெட்