இரண்டு முறை வந்த மூன்று மணி

என் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது.
பெயர்: மறந்துபோகும்.
பதினோரு வருடமாக அதில் எழுதிச் சேர்க்கிறேன்.

அழி என்று சொல்வதற்கு முன்
எதையெல்லாம் அழிப்பாய் எனக் கேட்டுப் பட்டியல் வாங்கு.
தேதியில் ஆண்டை முதலில் எழுது,
கோப்புகள் தாமாக வரிசையில் நிற்கும்.
என்ன மாற்றினாய் என்பதை நிரலே சொல்லிவிடும்;
ஏன் என்பதை நீதான் எழுதவேண்டும்.
வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எதையும் வெளியிடாதே.
(இதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன்.
மூன்றும் ஞாயிற்றுக்கிழமைத் தேதியில்.)

தார்த்து நகரத்தில் அக்டோபர் முடிந்துகொண்டிருந்தது.
ஆற்றின்மேல் மூடுபனி,
பாலத்தில் ஆள் தெரியாமல் நகரும் சைக்கிள் விளக்குகள்.
நூலகத்துக்கு இரவல் கணக்கு நிரல் எழுதுவது என் பிழைப்பு.
இந்த நாட்டில் அக்டோபர் கடைசி ஞாயிறு
விடிகாலை நான்கு மணி அடிக்கப்போகும் நேரத்தில்
மறுபடி மூன்றாகிவிடும்.

திங்கள் காலை
ஹெல்வே திரையைத் திருப்பிக் காட்டிச் சிரித்தாள்.
யாரோ ஒருவர், இரவெல்லாம் திறந்திருக்கும் வாசல் இயந்திரத்தில்
மூன்று ஐம்பதுக்கு ஒரு புத்தகம் எடுத்து
மூன்று பத்துக்குத் திருப்பிப் போட்டிருக்கிறார்.
கையில் வைத்திருந்த நேரம்: கழித்தல் நாற்பது நிமிடம்.
அபராதக் கணக்கு குழம்பிப்போய்
நூலகம் அவருக்கு இருபது சென்ட் தரவேண்டும் என்கிறது.

நிரலைத் திறந்தேன்.
இருநூற்றுப் பதினெட்டாம் வரிக்கு மேல் வெய்க்கோவின் குறிப்பு:
"இங்கே கை வைக்காதே. திங்கட்கிழமை விளக்குகிறேன்."
எந்தத் திங்கள் என்று இல்லை.
ஆறு வருடம் முன்பே வெய்க்கோ
தீவுக்குப் போகும் படகுத்துறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.
கூப்பிட்டேன்.
லாரிகள் ஏறும் சத்தத்துக்கு நடுவே யோசித்தான்.
"காரணம் நினைவில்லை. பயம் இருந்தது.
பயத்தை மட்டும் எழுதிவைத்திருக்கிறேன் போல."

கை வைத்தேன்.
உலகப் பொது நேரத்தில் சேமி,
காட்டும்போது மட்டும் ஊர் நேரமாக மாற்று.
ஒன்பது வரி.
எதுவும் இடிந்து விழவில்லை.
விழாததே சற்று ஏமாற்றமாக இருந்தது.

எடுத்தவர் யாரென்று பார்க்க எனக்கு அனுமதி உண்டு.
பார்க்கவில்லை.
(கோப்பில் ஒரு வரி: திறக்க முடியும் என்பது
திறக்கலாம் என்பதல்ல.)
புத்தகம் எது என்பதை மட்டும் பார்த்தேன்.
கற்பாசிகளைப் பற்றி ஒரு மெல்லிய புத்தகம்.
அன்று மாலை நானே எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன்.

வருடத்துக்கு அரை மில்லிமீட்டர் வளரும் ஒன்று இருக்கிறதாம்,
கல்லறைக் கற்களில் ஆண்டு அழிந்துபோனால்
அதை அளந்து கணக்குப் போடுவார்களாம்.
நிஜத்தில் அந்த ஆளிடம் இருந்தது இருபது நிமிடம்.
இருபது நிமிடத்தில் நான் பதினான்காம் பக்கம்.
முப்பத்தொன்றில் ஒரு மூலை மடித்திருந்தது.
வேகமாக வாசிப்பவர்.
அல்லது முப்பத்தொன்றிலேயே தொடங்கியவர்.
அல்லது மடித்தது வேறொருவர்,
இவர் குளிருக்கு ஒதுங்கிச் சும்மா புரட்டியவர்.
மூன்றில் எது என்று சோதிக்க வழியில்லை.
என் நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.

கறுப்பு ரொட்டிக் கடை வரை வந்துவிட்டதால்
ரொட்டி வாங்கிக்கொண்டு நடந்தேன்.
நடக்கும்போதுதான் தோன்றியது:
இரண்டு மூன்று மணியும் எனக்கும்தான் வந்தன.
இரண்டிலும் தூங்கிக்கொண்டிருந்தேன்.
மார்ச்சில் திருப்பிக் கேட்பார்கள்,
அப்போதும் தூங்கிக்கொண்டிருப்பேன்.
அதற்கு மட்டும் இன்றே ஒரு சோதனை எழுதவேண்டும்.

இருபது சென்ட்டை ஒரு உறையில் போட்டு
மேலே தேதி எழுதி வைத்திருந்தாள் ஹெல்வே, ஆண்டு முதலில்.
யாரும் கேட்டு வரவில்லை.
நேற்று அதைக் காபி இயந்திரத்தில் போட்டுப் பார்த்தாள்.
பற்றவில்லை.
மறுபடி உறையில் போட்டுவிட்டாள்.