எண்ணூறு மீட்டர்

அவசர பிரேக்கைப் போட்ட பிறகும்
எண்ணூறு மீட்டர் ஓடும் என் ரயில்.
அந்த எண்ணூறு மீட்டரில் டிரைவருக்கு வேலை கிடையாது.
ஹார்ன் அடிக்கலாம். பார்க்கலாம்.
நான் பார்த்தேன்.

சுவாவ்கி லைன். பிப்ரவரி. காலை ஆறு பத்து.
கேட் இல்லாத கிராசிங்கில்
முன்விளக்கு வெளிச்சத்துக்குள் ஒரு நீல வேன்.
அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.
எழுதினால் இன்றிரவும்
சமையலறை விளக்கை அணைக்க முடியாது.

கம்பெனி மூன்று வாரம் லீவு கொடுத்தது,
கூடவே ஒரு தாள்: ஐந்து பெயர், ஐந்து போன் எண்.

முதல் எண்ணில் ஓர் இனிமையான குரல்:
"பதினோரு மாதம் கழித்து ஒரு செவ்வாய் காலி,
குறித்துக்கொள்ளட்டுமா?"
அதற்குள் விசிலடிக்கும் கெட்டிலைப்
பால்கனிக்கு நாடு கடத்தியிருந்தேன்.
பாத்திரத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் கொதித்து
சத்தமில்லாமல் வற்றியது.
இரண்டு பாத்திரம் கருகியாயிற்று.

அடுத்தவர் பியாவிஸ்டோக்கில்,
ஸ்டேஷனுக்கு நேர் எதிரே மூன்றாவது மாடி.
ஒவ்வொரு வண்டிக்கும் மேஜையில் கோப்பைகள் நடுங்கின.
நான்கு நிமிடம் இருந்தேன்.

மூன்றாமவர் தலையைச் சாய்த்துக்கொண்டு
"முகம் தெரிந்ததா?" என்றார்,
இன்னும் என் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை.
நான்காமவர் கம்ப்யூட்டர் திரையில்
வாய் திறந்தபடி உறைந்து போனார்.
ஐந்தாமவர் அழுதார்.
டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு
பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் ஸ்பிஷ்கோ சொன்னான்: "அது உன் தப்பில்லை."
எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.
தப்பு என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

ஆறாவது பெயர் அந்தத் தாளில் இல்லை.
யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று
டிப்போ கேன்டீனில் ரடோமிர்
டிக்கெட்டின் பின்பக்கம் ஒரு எண்ணைக் கிறுக்கி
உப்பு ஜாடிக்கு அடியில் தள்ளினான்.
"எனக்கு ரெண்டு" என்றான், சூப்பைப் பார்த்தபடி.
பத்தொன்பது வருடம் ஒரே மேஜை.
எனக்குத் தெரியாது.

இந்த முறை கேள்விகளை நான் கேட்பதென்று முடிவு.
"எத்தனை டிரைவர்களைப் பார்த்திருக்கிறீர்கள்?"
"நான்கு பேர்."
"மறுபடி ஓட்டினார்களா?"
"இரண்டு பேர் ஓட்டுகிறார்கள். ஒருவர் தேனீ வளர்க்கிறார்.
ஒருவர் பாதியில் நின்றுவிட்டார்,
ஏனென்று எனக்கு இன்றும் தெரியாது."

அந்தத் தெரியாதுக்காகத்தான்
ஆகஸ்டோவுக்கு பஸ் ஏறினேன்.

செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே ஓர் அறை.
ஹால்ஷ்கா, சாயம் போன ஸ்வெட்டர், முழங்கையில் ஒட்டு.
"எந்த நாற்காலி வேண்டும்?"
கதவைப் பார்த்த நாற்காலி.
"கதவு?"
திறந்தே இருக்கட்டும்.
கோட்டை நான் கழற்றவில்லை,
அவள் கழற்றச் சொல்லவும் இல்லை.

"அந்தக் காலையைப் பற்றி இன்று பேச வேண்டாம்.
ஒரு ரயில் எப்படி நிற்கிறது? எனக்குத் தெரியாது,
அதைச் சொல்லுங்கள்."

சொன்னேன். இருநூற்று நாற்பது டன்.
ஈரத் தண்டவாளம், காய்ந்த தண்டவாளம்.
பிரேக் குழாயில் காற்று எப்படி இறங்கும்,
கடைசிப் பெட்டிக்கு அது போய்ச் சேர எவ்வளவு நேரம்,
சக்கரம் வழுக்கினால் ஏன் மணல் தூவுகிறோம்.
கையால் காட்டினேன்.
ஒரு பேனாவைத் தண்டவாளமாக்கினேன்.
அவள் இடையில் ஒரே ஒருமுறை கேட்டாள்:
"இதில் எந்த இடத்தில் உங்கள் கை வேலை முடிகிறது?"

பேனாவின் ஒரு முனையைத் தொட்டேன்.
மறுமுனை வெகுதூரம் இருந்தது.
ரொம்ப நேரம்
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறங்கும்போது கீழே கடைக்காரர்
குதிகாலில் ஆணி அடிக்க ஆரம்பித்தார்.
மூன்றாவது படியில் நின்றுவிட்டேன்,
கைப்பிடியை இறுகப் பிடித்தபடி.
நாலைந்து அடி. பிறகு ஓய்ந்தது.
பிறகு மறுபடி.

அது ஆணிதான்.
கோட்டுப் பையில் அவள் எழுதிக் கொடுத்த சீட்டு:
வியாழன், நாலரை.
மீதிப் படிகள் பதினொன்று.