நிழல் ஓஃப்

மாளிகாவத்தையில் ஏலம்.
மூடிப்போன லீசிங் கம்பனியின் கதிரைகள், விசிறிகள்,
ஒரு சுவர் நிறையக் கொம்பியூட்டர்கள்.
பதினாலாயிரத்துக்கு ஒன்றைத் தூக்கினேன்.
நெற்றியில் சொத்து இலக்கம் ஒட்டியிருந்தது, 0417.
மூன்று வருடம் முன்னே என் ஓட்டோவைக் கொண்டுபோனதும்
ஒரு லீசிங்தான். இதே கம்பனி இல்லை;
இதன் அண்ணனோ தம்பியோ.
வேறொருவன் ஓட்டோவில் அதை மடியில் வைத்து
கொட்டாஞ்சேனை வரைக்கும்
மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

போடும்போதெல்லாம் அதற்கு
இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஜனவரி முதலாம் திகதி.
உள்ளே மணிக்கூட்டுப் பற்றரி செத்திருந்தது.
புறக்கோட்டையில் நூறு ரூபாய்க்குப் புதுசு,
வெள்ளிக் காசு மாதிரி.
செய்த வேலைகளில் இதுதான் மலிவு:
ஒரே அழுத்தில் அத்தனை வருடமும் கடந்தது.

பம்பலப்பிட்டியில் ரிஸ்மி
பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரிக்கவில்லை.
அதற்காகவே அவனிடம் போவது.
"பவர் சப்ளை சின்னது அண்ணே,
பெரிய காட் போட்டா கரிஞ்சிரும்.
தனி வயர் கேக்காத ஒண்டு இருக்கு.
பழசுதான், ஆனா கொயின் தோண்டி அடிபட்டதில்ல."
பதினைந்தைப் பதின்மூன்றரை ஆக்கி
நாலு ஜீபீ ரேமையும் சேர்த்து
பிஸ்கட் பையில் போட்டுத் தந்தான்.

வீட்டில் காட் உள்ளே போகவில்லை.
ஒல்லிப் பெட்டி. தோள் இடித்தது.
மேல்மாடி பைப் வேலைக்கார காமினியிடம் வாள் வாங்கி
தகரத்தை அறுக்கத் தொடங்கினேன்.
"கம்பனிச் சாமானையா அறுக்கிறீங்க?"
நிரஞ்சலா கதவில் நின்று கேட்டாள்.
ஓம் என்றேன்.
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அறுத்தேன்.

ஹாட் டிஸ்க்கைத் துடைக்காமலே விற்றிருக்கிறார்கள்.
ஒரு எக்செல். நானூற்றுச் சொச்சம் பெயர்கள்,
வண்டி இலக்கம், தவணை, பாக்கி,
கடைசி நிரல் முழுக்கச் சிவப்புப் பெட்டிகள்.
இருக்காது என்று தெரிந்தும் என் பெயரைத் தேடினேன்.
இல்லை.
தெமட்டகொடை. வத்தளை. கிராண்ட்பாஸ்.
ஒரு அன்ஸ்லம், ஒரு பாத்திமா நுஸ்ரா, மூன்று பெரேரா.
கேமுக்கு முப்பத்தெட்டு ஜீபீ வேண்டும்.
போமட் என்பதை அழுத்த
விரலுக்கு அவ்வளவு நேரம் எடுக்கும் என்று
நான் நினைத்திருக்கவில்லை.

கார் ஓட்டும் கேம்.
முதல் ஓட்டத்தில் பதினேழு பிரேம்.
விக்கி விக்கிப் போனது,
பெற்றோல் கியூவில் ஆள் இறங்கித் தள்ளுவது போல.
செற்றிங்ஸுக்குள் போய்
புல்லை நிறுத்தினேன்.
மழையை நிறுத்தினேன்.
நடைபாதையில் ஆட்களைக் குறைத்தேன்.
கடைசியாக, நிழல்: ஓஃப்.
நாற்பத்தொன்று!
வழுக்கிக்கொண்டு போனது தெரு.
எதற்கும் அடியில் எதுவும் இல்லாத நகரம்.
கட்டடம், மரம், என் கார், எல்லாம்
ஒரு விரல் உயரத்தில் மிதந்தபடி.
பன்னிரண்டு மணி வெயிலில்
கோட்டை ஸ்டேஷனுக்கு முன்னால்
சவாரிக்கு நின்ற நாட்களிலும் தெரு இப்படித்தான்;
அப்போது நான் ஒதுங்க ஒன்று தேடினேன்.

பக்கத் தகடு இல்லாத பெட்டிக்கு
மேசை விசிறியைத் திருப்பி வைத்ததில்
கட்டிலுக்குக் காற்றில்லை.
நிரஞ்சலா வியர்த்து எழும்பி வந்து
பின்னால் நின்றாள்.
"ஏன் எல்லாம் ஒட்டாம நிக்குது?"
நிழலைப் போட்டுக் காட்டினேன்.
இருபத்துநாலு. கார் நொண்டியது.
அதன் அடியில் கறுப்பாய் ஒன்று
கூடவே நொண்டியது.
"இது காணும்," என்றாள்.
"மெதுவாப் போங்க. என்ன அவசரம்,
சவாரியா பிடிக்கப் போறீங்க?"
விசிறியைப் பாதி எங்கள் பக்கம் திருப்பிவிட்டு
கதிரையை இழுத்துப் போட்டாள்.