வீடு வாங்க வந்தவருக்கு

காய்ந்துபோன மரம்தானே, வெட்டிவிடலாமா என்று
கேட்டைத் தாண்டும் முன்பே கேட்டீர்கள்.
ஜூலை மாதம். அதன்மேல் ஓர் இலை இல்லை.
கேட்கத்தான் தோன்றும்.

நகத்தால் கீறிப் பாருங்கள், இதோ இந்தக் கிளையில்.
சாம்பல் தோலுக்கு அடியில் பச்சை.
அடிமரத்தில் கை வைக்கும்போது மட்டும் கவனம்:
பூனை நகம்போல் வளைந்த முள்,
இருக்காது என்று நினைத்த இடத்தில்தான் இருக்கும்.
மூன்று வாரம் பொறுத்தால்
இலைக்கு முன்னால் பூ வரும்,
சிவப்பாக, விரியாமல்,
மடக்கிய குடைகளைக் கொத்தாகக் கட்டியதுபோல.
தேன்சிட்டுகள் சண்டைக்கு வரும்.
இலை அதற்கப்புறம், காம்புக்கு மூன்று.

கல்யாண முருங்கை என்றுதான் வெட்டி வந்தோம்.
அரசாணிக்காலுக்குக் குருக்கள் கேட்டது அந்தக் கிளையை.
இசிபிங்கோவில் அதற்கு எங்கே போவது?
ஆற்றோரம் நின்றதை மூன்சாமி அண்ணன்
பேக்கியில் போட்டுக் கொண்டுவந்தார்.
மூன்று இலை இருக்கிறதா, இருக்கிறது.
முள் இருக்கிறதா, அவர் உள்ளங்கையே சாட்சி.
மஞ்சள் துணி சுற்றி இந்த மூலையில் நட்டார்கள்.

அது வேறு மரம்.
பங்காளி, ஆனால் அது இல்லை.
இலையைப் பறித்து அடைக்கு அரைத்துவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டு தோகோஸீலே வேலிக்கு மேலாகச் சிரித்தாள்.
இது உம்சின்சி,
எங்கள் பக்கம் தலைவர்களைப் புதைத்த இடத்தில் நடுவது,
நீங்கள் மணவறைக்கு நட்டிருக்கிறீர்கள் என்றாள்.
கேலி இல்லை. அன்று இரண்டாம் முறையும்
பாயசம் வாங்கிக் குடித்தவள் அவள்தான்.

பூபாலன் ஜோஹன்னஸ்பர்க் போனார்.
வாரம் ஒருமுறை வந்தார், பிறகு மாதம் ஒருமுறை,
பிறகு வக்கீலின் கடிதம் வந்தது.
நட்ட கால் அதற்குள் கூரை உயரம்.
துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள்.
துளிர்த்தது.
அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது.

என்ன பயன் என்கிறீர்களா?
என் கணுக்கால் பிசகியபோது
தோகோஸீலே பட்டையைச் சூடாக்கி வைத்துக் கட்டினாள்.
நாற்றம் ஒரு பக்கம் இருக்க, வெள்ளிக்கிழமை நடந்தேன்.
ஒடிந்து விழுந்த கிளையை உலர்த்திச் செதுக்கி
மூன்சாமி அண்ணன் வலைக்கு மிதவை கட்டினார்.
மத்தி ஓடும் பருவத்தில்
பிளாஸ்டிக் மிதவைகளுக்கு நடுவே அது ஒன்று
நாய்க்குட்டி மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தது.
விறகுக்கு ஆகாது. மேசை நாற்காலிக்கும் ஆகாது.
கறுத்து வெடித்த காய்க்குள்
சிவப்பு விதை, ஓரத்தில் ஒரு கரும்புள்ளி.
கோர்ட்டுக்குப் போன நாளுக்கு ஒன்றாக எடுத்து வைத்தேன்.
பதினேழு.
சமையலறை அலமாரியில், ஊறுகாய் ஜாடியில் கிடக்கிறது.
வீட்டில் பிள்ளைகள் உண்டென்றால்
முதலில் அதை எறியுங்கள், விஷம்.

ஜூலுவில் ஒரு வழக்கு உண்டு.
தானாய் முளைத்த உம்சின்சி என்றால்
இந்த மண்ணுக்கே உரியவர் என்று பொருள்.
இது தானாய் முளைக்கவில்லையே,
ஒரு நாள் சடங்குக்கு வெட்டி நட்டதுதானே என்றேன்.
தோகோஸீலே அண்ணாந்து பார்த்தாள்.
அதனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்றாள்.

சாவி இதோ. பின்கதவு மழைக்காலத்தில் பிடிக்கும்,
தோளால் ஓர் இடி இடிக்க வேண்டும்.
மரம் உங்கள் இஷ்டம்.
வெட்டுவதானால் ஒன்று மட்டும்:
துண்டுகளை அன்றைக்கே அப்புறப்படுத்திவிடுங்கள்.
ஈர மண்ணில் இரண்டு நாள் கிடந்தால் போதும்,
எது தலை, எது கால் என்றுகூட
அது பார்ப்பதில்லை.