இழுத்துப் பார்

வீட்டைக் கட்டிப் பார் என்போம் நாம்.
நியூஃபவுண்ட்லாந்தின் ஒரு சின்ன விரிகுடாவில்
வீட்டைக் கடலில் இழுத்துப் பார்த்தார்கள்.

தீவைக் காலிசெய்யச் சொன்ன அரசாங்கம்
தலைக்கு இவ்வளவு என்று எண்ணித் தந்தது.
வீட்டுக்குத் தலை இல்லை.
கெசாயா படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள்,
மறுபக்கம் வெறும் தாள்.
"இதுவும் வரும்" என்றாள்,
மாவு பிசைந்த கையால் சுவரைத் தட்டி.

அசரையா சொன்னது ஒரே சொல்: பார்க்கலாம்.
கடைக்காரர் வாயில் அதற்குப் பொருள், கிடையாது.
இவன் வாயில்
நாற்பத்திரண்டு காலி எண்ணெய்ப் பீப்பாய்,
இரவல் கயிறு,
மூன்று வருடம் முகம் கொடுக்காத லியாண்டரின்
மோட்டார் படகு.
அதைக் கேட்கத் தொப்பியைக் கழற்றி
அவன் வாசலில் நின்ற கால்மணி நேரம்.

புகைபோக்கியைச் செங்கல் செங்கலாக இறக்கினார்கள்.
சன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள்.
அலமாரித் தட்டுகளை மட்டும் அவள் இறக்கவிடவில்லை.
உருளைக்கட்டைகளின் மேல்
முப்பது பேர் இழுக்க ஒரு சாண்.
மூச்சு வாங்கி இன்னொரு சாண்.
யாரோ கெட்ட வார்த்தையில் தாளம் கட்ட,
பாதிரியார் காது மந்தமானவர்போல்
கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

பௌர்ணமி ஓதம் ஏறி அடிக்கட்டையைத் தூக்கியதும்
வீடு ஒருமுறை முனகியது.
மிதந்தது.

நடுவழியில் மூடுபனி.
ஏழு பீப்பாய்கள் அறுத்துக்கொண்டு போயின.
சமையலறை மூலை தாழ்ந்தது,
வீட்டின் பாரம் படகின் பின்முனையைக்
கீழே இழுத்தது.
"வெட்டு!" என்று கத்தினான் லியாண்டர்.
கோடரி அசரையா கையில்.
வீட்டைப் பார்த்தான்.
சுக்கானைப் பிடித்திருந்த
லியாண்டரின் பதினாறு வயது மகனைப் பார்த்தான்.
"நூறு எண்ணு. அதற்குமேல் இல்லை."

பையன் எண்ணினான்.
எழுபதில் தடுமாறி
அறுபதிலிருந்து மறுபடி தொடங்கினான்.
ஒருவரும் திருத்தவில்லை,
லியாண்டர்கூட.
தொண்ணூற்றொன்றில் நீரோட்டம் திரும்பியது.

விடிகாலையில் கரை.
உடைந்தது இரண்டு தட்டு.
ஏறிய வாக்கிலேயே வீடு நின்றுவிட்டது,
முன்வாசல் மலையைப் பார்த்து,
பின்கதவு கடலைப் பார்த்து.
திருப்பிவைக்க
யார் உள்ளங்கையிலும் தோல் மிச்சமில்லை.
கெசாயா ஒரு சுற்று சுற்றிவந்து சொன்னாள்:
"பார்க்கலாம்."

இருபத்தாறு வருடம்
விருந்தாளிகள் பின்கதவு வழியாகவே வந்தார்கள்.
லியாண்டர் மட்டும் மலைப்பக்கம் சுற்றிவந்து
முன்வாசலைத் தட்டுவான்.
கடல்நீர் குடித்து உப்பிய கதவு அது.
வெளியே அவன் இழுக்க
உள்ளிருந்து அசரையா
தோள்கொடுத்துத் தள்ளினால்தான்
திறக்கும்.